வங்கக் கடலுக்குள்ள ஒரு கிளைடர்: அதோட டேட்டாவை பைதான்ல சுத்தம் பண்றது எப்படி?

பைதான் கத்துக்கிட்டாச்சு, அதை உருப்படியா எதுக்குப் பயன்படுத்துறதுன்னு கேக்குறவங்களுக்கான எபிசோட் இது.

எனக்கு ஊர் பசுவந்தனை. கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. மானாவாரியா விதைக்கிற உளுந்து, பாசி, மக்காச்சோளம் எல்லாத்துக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. நிறைய பேர் புரட்டாசியிலேயே காஞ்ச மண்ணுல விதைச்சிட்டு மேகத்தைப் பார்ப்பாங்க. மழை ரொம்பத் தள்ளிப்போனா விதைக்காசு போச்சு. அந்த மழைக்கான ஈரம் பெரும்பாலும் வங்கக் கடல்ல இருந்துதான் வருது.

உப்பு ஏன் முக்கியம்?

கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி எல்லாம் கொட்டுற நல்ல தண்ணி, கனமான உப்புத் தண்ணிக்கு மேல மூடி மாதிரி மிதக்குது. கீழ இருக்கிற குளிர்ந்த தண்ணி மேல வந்து கலக்குறதை இந்த மூடி தடுக்குது. அதனால மேற்பரப்பு சூடாவே இருக்கும். அந்தச் சூடுதான் மேகத்துக்கும் புயலுக்கும் தீனி. மூடி எவ்வளவு ஆழம்னு தெரியணும்னா உப்பைச் சரியா அளக்கணும்.

2016 ஜூன், ஜூலையில பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துன 'பாபுள்' ஆய்வு இதைத்தான் தேடுச்சு. சிந்து சாதனா கப்பல்ல போய், தெற்கு வங்கக் கடல்ல கிளைடர்களை இறக்குனாங்க. அது தென்மேற்குப் பருவமழைக்கான ஆய்வு. ஆனா கடல் அதே கடல்தான்.

கிளைடருக்கு ப்ரொப்பல்லர் கிடையாது. ஒரு பையில எண்ணெயை ஏத்தி இறக்கித் தன் மிதப்பை மாத்திக்கும். இறக்கை உதவியால ரம்பப் பல் மாதிரி 1,000 மீட்டர் வரை இறங்கி ஏறும். மேல வந்ததும் டேட்டாவைச் சாட்டிலைட்டுக்கு அனுப்பும்.

எங்க தப்பு வருது?

உப்பை நேரடியா அளக்குறதில்லை. மின்கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் மூணையும் வச்சுக் கணக்குப் போடுறோம். கடத்துதிறனை அளக்குற கண்ணாடிக் குழாய் சூட்டைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சுக்கும். சூடான தண்ணியில இருந்து குளிருக்கு இறங்கும்போது குழாய் இன்னும் சூடாவே இருக்கும். அதனால உப்பு கூடுதலாத் தெரியும். ஏறும்போது குறைவாத் தெரியும். ஒரே இடத்துல ரெண்டு உப்பு! இதைத் திருத்தாம விட்டா, கடல்ல இல்லாத ஒரு அடுக்கு உங்க கிராஃப்ல முளைச்சிடும்.

பைதான்ல வரிசை

முதல்ல, ஒவ்வொரு முங்கலுக்குமான நெட்சிடிஎஃப் ஃபைல்களை எக்ஸ்அரேயில ஒண்ணாச் சேருங்க. அடுத்து, திடீர்னு துள்ளுற புள்ளிகளை நீக்குங்க. மூணாவது, அந்தக் கண்ணாடிச் சூட்டுக்கான திருத்தம். இறங்குற கோடும் ஏறுற கோடும் முடிஞ்சவரை ஒண்ணு மேல ஒண்ணு உக்கார்ற மாதிரி அளவுகளைத் தேடணும். அப்புறம் ஜிஎஸ்டபிள்யூ பேக்கேஜ்ல உப்பையும் அடர்த்தியையும் கணக்குப் போடுங்க. கடைசியா, ஒரே சீரான ஆழக் கட்டங்கள்ல அடுக்குங்க.

துள்ளல் நீக்குறது, கட்டம் போடுறது, கலவை அடுக்கோட ஆழம் கண்டுபிடிக்கிறது இதுக்கெல்லாம் 'கிளைடர்டூல்ஸ்'னு ஒரு ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ் இருக்கு. லூக் கிரெகரும் கூட்டாளிகளும் 2019-ல ஆய்வுக் கட்டுரையா வெளியிட்டாங்க. கோடு திறந்திருக்கிறதால, எந்தப் புள்ளியை ஏன் தூக்குனாங்கன்னு யாரும் சரிபார்க்கலாம்.

ஒரு விஷயம்: சுத்தமான டேட்டா மட்டும் பசுவந்தனைக்கு என்னைக்கு மழைன்னு சொல்லிடாது. ஆனா மழையைக் கணிக்கிற மாடல் சரியான கடலைக் காட்டுதான்னு உரசிப் பார்க்க இந்த எண்கள்தான் உரைகல். அதனால திருத்துறதுக்கு முன்னாடி, ஒரிஜினல் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.