வைமாக்ஸ் தோல்வி உணர்த்தும் பாடம்

புதிய தொழில்நுட்பம் ஒன்று சந்தைக்கு வரும்போது அதன் வேகம் என்ன, விலை என்ன என்றே நாம் விசாரிக்கின்றோம். அதை முன்னிறுத்துபவர் யார், அவருக்கு அதனால் கிடைக்கும் ஆதாயம் யாது என்று கேட்பதில்லை. இக்கேள்வியின் அவசியத்தை 'வைமாக்ஸ்' எனும் கம்பியில்லா இணைய முறையின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

கணினிச் சில்லு உற்பத்தியில் கொடிகட்டிப் பறந்த அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம், 2003 ஆம் ஆண்டு 'சென்ட்ரினோ' என்ற பெயரில் வைஃபை வசதியுடன் கூடிய மடிக்கணினிச் சில்லுத் தொகுதியை அறிமுகப்படுத்தியது. வைஃபை பரவியபோது மடிக்கணினிகளின் விற்பனையும், அதனோடு இன்டெல்லின் வருமானமும் உயர்ந்தன. ஆனால், வைஃபையின் வீச்சு ஒரு கட்டடத்துக்குள் அடங்கிவிடும். பல கிலோமீற்றர் தூரம் எட்டக்கூடிய வைமாக்ஸ் பரவினால் செல்லுமிடமெல்லாம் மடிக்கணினிக்கு இணையம் கிடைக்கும். சில்லு விற்பனையும் பெருகும் என அந்நிறுவனம் கணக்கிட்டது.

இதில் மற்றொரு நோக்கமும் இருந்தது. கையடக்கத் தொலைபேசித் துறையில் சி.டி.எம்.ஏ. காப்புரிமைகளைக் கைவசம் வைத்திருந்த குவால்கொம் நிறுவனம், மூன்றாம் தலைமுறைத் தொலைபேசிகள் மூலம் உரிமக் கட்டணம் ஈட்டி வந்தது. அந்தக் கோட்டைக்குள் நுழைய முடியாத இன்டெல், வெளியே தனக்கென ஒரு பாதையை அமைக்க முயன்றது. அதற்காக, வைமாக்ஸ் சேவை வழங்கும் கிளியர்வயர் நிறுவனத்தில் 2006 இல் 600 மில்லியன் டொலரையும், 2008 இல் மேலும் ஒரு பில்லியன் டொலரையும் முதலிட்டது.

வைமாக்ஸ் முந்திக்கொண்டது உண்மையே. நடமாடும் பாவனைக்கான அதன் நியமம் 2005 இலேயே நிறைவுற்றது. போட்டி நியமமான எல்.ரி.ஈ. சேவை ஸ்டொக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் ஆரம்பமானது 2009 டிசம்பரிலேதான். அடிப்படை அலைபரப்பு முறையிலும் இரண்டும் நெருங்கிய உறவினவே. ஆயினும், கோடிக்கணக்கான வாடிக்கையாளரைக் கொண்ட தொலைபேசிக் கம்பனிகள் தமது பழைய வலையமைப்பின் தொடர்ச்சியாக அமைந்த எல்.ரி.ஈ.யையே தெரிவு செய்தன. குவால்கொம் 2008 இல் தனது சொந்த நியமமான யூ.எம்.பி.யைக் கைவிட்டு எல்.ரி.ஈ. பக்கம் சாய்ந்தது. பல நியமங்களிலும் பயன்படும் காப்புரிமைகள் அதனிடம் இருந்தன. இன்டெல்லோ ஒரே குதிரையின் மீது பந்தயம் கட்டியிருந்தது. 2008 இன் இறுதிக் காலாண்டில் மாத்திரம் கிளியர்வயர் முதலீட்டின் பெறுமதியில் ஏறத்தாழ 950 மில்லியன் டொலரை அது இழப்பாகப் பதிவு செய்தது. 2019 இல் தனது கைத்தொலைபேசி மோடம் வர்த்தகத்தின் பெரும்பகுதியை ஒரு பில்லியன் டொலருக்கு அப்பிளுக்கு விற்க உடன்பட்டு, அத்துறையிலிருந்து விலகியது.

இன்டெல் இந்நட்டத்தைத் தாங்கிக்கொண்டது. சேவையை நம்பியிருந்தோரின் நிலையே வேறு. அமெரிக்காவின் ஸ்பிரின்ட் நிறுவனம் 2015 நவம்பரில் வைமாக்ஸ் சேவையை மூட முனைந்தபோது, அதன்வழியே பாடசாலைகளுக்கும் வறிய குடும்பங்களுக்கும் இணையம் வழங்கி வந்த தொண்டு நிறுவனங்கள் நீதிமன்றத்தை நாடியே 90 நாள் அவகாசம் பெற்றன. இலங்கையிலும் வைமாக்ஸ் இணைப்புகள் வழங்கப்பட்டு, பின்னர் எல்.ரி.ஈ. அவற்றின் இடத்தைப் பிடித்தது.

சிறந்த நுட்பமே வெல்லும் என்பது பாதி உண்மை. பலரும் ஒத்துழைக்கும் நியமமே நிலைக்கின்றது. அலைவரிசை ஒதுக்கும் அரசுகளும் கருவி வாங்கும் மக்களும், விற்பவரின் வாக்குறுதியைவிட அவருடைய வர்த்தகக் கணக்கையே முதலில் ஆராய்வது நன்று.