யாருடைய சுருதி, யாருடைய பாட்டு? கர்டிஸ் மேஃபீல்டின் இசையும் வாழ்வும்



நம் மண்ணின் போராளி ஒருவரின் நினைவுச் சொற்பொழிவில் அமெரிக்கப் பாடகரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கறுப்பின மக்களின் போராட்டத்தோடு நமக்குள்ள உறவு நேற்று வந்ததல்ல. 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ் இயக்கம், தன் பெயரையே அமெரிக்காவின் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. அந்த மக்களின் அரசியலை நாம் ஓரளவு படித்திருக்கிறோம். அவர்களுடைய இசைக்குள் நடந்த அரசியலைப் படித்தது குறைவு. பாட்டில் என்ன சொல்கிறோம் என்பதோடு, அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதையும் போராட்டமாகப் பார்த்தவர் கர்டிஸ் மேஃபீல்ட். ஃபங்க் இசையின் முன்னோடிப் பாடகர்களிலும் கிதார் கலைஞர்களிலும் ஒருவர்.

1942 ஜூன் 3 அன்று சிகாகோவில் பிறந்தார். தெற்கு மாநிலங்களின் நிறவெறிக்குத் தப்பி லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வடக்கு நகரங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. வந்த இடத்திலும் விடிவு கிடைக்கவில்லை. கறுப்பினத்தாருக்கு வீட்டை விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த தெருக்கள் சிகாகோவில் இருந்தன. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரிப்பதை நாம் அறிவோம். அங்கே அதைச் சட்டத்தாளில் எழுதினார்கள். தந்தை விட்டுப் போய்விட, தாய்தான் பிள்ளைகளை வளர்த்தார். பல இடங்கள் மாறி, கப்ரினி-கிரீன் என்ற அரசுக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தது குடும்பம்.

பாட்டி ஒரு சிறிய கிறித்தவச் சபையின் போதகர். அந்தச் சபையின் பாட்டுதான் மேஃபீல்டின் முதல் பள்ளி. கிதாரை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. ஏற்கெனவே பழகியிருந்த பியானோவின் கறுப்புக் கட்டைகள் என்ன சுரம் தருமோ, அந்தச் சுரங்களுக்குக் கிதார்க் கம்பிகளை முறுக்கிக்கொண்டார். உலகம் முழுக்க கிதாருக்கு இருக்கும் வழக்கமான சுருதி வேறு என்பது அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது. தெரிந்த பின்னும் மாற்றவில்லை. மற்றவர்கள் தவறு என்று சொல்லியிருக்கக்கூடிய ஒன்று அவருடைய தனி ஒலியாயிற்று. அவர் கிதாரை வேறொருவர் வாங்கி வாசிக்கப் பார்த்தால், பழகிய இடத்தில் பழகிய சுரம் வராது.

பதினாறு வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. சபையில் நண்பரான ஜெர்ரி பட்லரோடு இம்ப்ரெஷன்ஸ் குழுவில் பாடினார். 1958இல் முதல் வெற்றிப் பாடல் வெளிவந்தபோது, தட்டின் மேல் பட்லரின் பெயரைத் தனியாக முன்னால் போட்டு, மற்றவர்களை ‘இம்ப்ரெஷன்ஸ்’ என்று பின்னால் தள்ளியது நிறுவனம். குழுவில் மனக்கசப்பு வந்தது, பட்லர் பிரிந்தார். தட்டில் யார் பெயர், எந்த இடத்தில் என்று முடிவு செய்பவர் பாடியவர் அல்ல. அந்த வயதிலேயே மேஃபீல்டுக்கு இது புரிந்துவிட்டது.

அன்றைய வழக்கத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாட்டை எழுதியவருக்கும், அதன் உரிமையை வைத்திருக்கும் பதிப்பு நிறுவனத்துக்கும் ராயல்டி பிரிக்கப்படும். அவசரத் தேவைக்காகவும் விவரம் தெரியாமலும் கறுப்பினக் கலைஞர்கள் பலர் ஒரு சிறு தொகைக்குத் தங்கள் உரிமையை எழுதிக்கொடுத்தார்கள். பாட்டு பல ஆண்டுகள் சம்பாதிக்கும். எழுதியவர் வாடகைக்குத் திண்டாடுவார். இருபது வயதை ஒட்டியே மேஃபீல்ட் தன் பாடல்களுக்குச் சொந்தப் பதிப்பு நிறுவனம் தொடங்கினார். 1968இல் நண்பர் எடி தாமஸோடு சேர்ந்து ‘கர்டம்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தையும் உருவாக்கினார்.

இதே ஆண்டுகளில்தான் அவருடைய பாடல்கள் தெருவுக்கு வந்தன. 1964இன் ‘கீப் ஆன் புஷிங்’, 1965இன் ‘பீப்பிள் கெட் ரெடி’ இரண்டும் குடியுரிமைப் போராட்டத்தின் பாடல்களாயின. சபைப் பாட்டின் மொழி, போராட்டத்தின் பொருள். 1967இன் இறுதியில் வந்த ‘வீ ஆர் எ வின்னர்’ கறுப்பினப் பெருமிதத்தை மறைக்காமல் பேசியது. சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. மக்கள் அதை ஆர் அண்ட் பி பட்டியலின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

1970இல் தனியாகப் பாடத் தொடங்கியபோது அவர் இசை ஃபங்க் ஆனது. ஜேம்ஸ் பிரவுன் வழிவந்த இந்த இசையில் தாளத்தின் முதல் அடிக்கே கனம். ஒவ்வொரு கருவியும் ஒரு சிறிய துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். பறை அடி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்த வலுவான அடிகளின் மேல் மேஃபீல்ட் கத்தவில்லை. மெல்லிய உச்சக்குரலில், காதருகே பேசுவதுபோல் பாடினார். மிகக் கடுமையான செய்தி மிக மென்மையான குரலில் வந்தது.

1972இன் ‘சூப்பர் ஃப்ளை’ இதற்குச் சான்று. படத்தின் நாயகன் கோகெயின் வியாபாரி. படம் அவனை மினுக்கிக் காட்டுகிறது என்ற விமர்சனம் எழுந்தது. மேஃபீல்டின் பாடல்களோ அந்த வியாபாரம் யாரைக் கொல்கிறது என்று பேசின. ‘ஃப்ரெடிஸ் டெட்’ படத்தில் சொற்கள் இல்லாமல் இசையாக மட்டுமே ஒலிக்கிறது. திரையில் வராத சொற்கள் தட்டில் வந்தன. படத்துக்கு இசையமைத்தவரே படத்தை விமர்சித்தார். அந்தத் தட்டு அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பிடித்தது. அதை வெளியிட்டது அவருடைய கர்டம் நிறுவனம்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தத் தட்டுக்கு வாத்தியக் கோர்வை அமைத்தவர் ஜானி பேட். இரண்டு கருவியிசைப் பகுதிகளின் ஆக்கத்தில் தமக்கும் பங்குண்டு என்று அவர் கோரினார்; உரிமை மேஃபீல்டின் பெயரிலேயே நின்றது. மேஃபீல்டின் மகன் எழுதிய வாழ்க்கை வரலாறும், எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்திருந்த, வீட்டுக்குள் கடுமையாக நடந்துகொண்ட தந்தையைக் காட்டுகிறது. பறிபோனதை மீட்டவர் கையிலும் மற்றவர் பங்கு சிக்கிக்கொள்ள முடியும். விடுதலை பேசும் நாம் நம் அமைப்புகளுக்குள்ளும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

1990 ஆகஸ்ட் 13. புரூக்ளினில் திறந்தவெளி நிகழ்ச்சி. பலத்த காற்றில் மேடையின் விளக்குச் சட்டகம் அவர்மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. கறுப்புக் கட்டைகளின் சுருதியில் நின்ற அந்தக் கிதாரை அதன்பின் அவரால் தொட முடியவில்லை. பாட மூச்சு போதவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டால் குரலுக்குக் கொஞ்சம் வலு கிடைப்பதைக் கண்டார். அப்படியே படுத்தபடி, ஒவ்வொரு வரியாகப் பாடிப் பதிவு செய்தார். 1996இல் ‘நியூ வேர்ல்ட் ஆர்டர்’ வெளிவந்தது. 1999 டிசம்பர் 26 அன்று காலமானார்.

தோழர்களே, நம் மேடைகளில் நாம் தொண்டை வலிக்கப் பாடும் பாடல்களை எண்ணிப் பாருங்கள். எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார் என்று எத்தனை பாடல்களுக்குச் சொல்ல முடியும்? ‘மக்கள் பாட்டு’ என்று சொல்லிப் பெயரை விட்டுவிடுவது நமக்கு எளிது. அந்தக் கலைஞர் நோயில் படுக்கும்போது அந்தச் சொல் அவருக்கு மருந்து வாங்கித் தராது. இந்த அரங்கிலிருக்கும் மாணவர்கள் தங்கள் ஊருக்குப் போனதும் ஒரு நோட்டு எடுத்து, பாட்டும் அதற்கு எதிரே பாடியவர், எழுதியவர் பெயரும் குறிக்கத் தொடங்குங்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நினைவுநாள் கொண்டாடும் நமக்கு அந்தக் கடமையும் உண்டு.

ஜெய் பீம்.