ஒரு துளி இரத்தம், ஒரு துண்டுத் தாள்

எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்து எடுப்பவர் சுகமாகத் தோன்றினாலும், மருந்து வேலை செய்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனையே சொல்லும். தூரத்து வைத்தியசாலைக்குப் போனால் பஸ் காசோடு ஒரு நாட்கூலியும் போய்விடும் என்பதை இடம்பெயர்ந்த நாம் அறிவோம்.

மலாவி, கென்யா போன்ற நாடுகளில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். விரல் நுனியைக் குத்தி, இரத்தத் துளிகளைத் தடித்த வடிதாளில் இட்டு, வெயில் படாமல் பல மணிநேரம் உலர விடுவார்கள். பின்பு ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் உறையிலிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். குளிர்ப்பெட்டி தேவையில்லை. முறையைக் கற்றுக்கொண்டால் வீட்டிலேயே எடுக்கலாம்.

ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் வைரஸ் 1,000க்கு மேல் இருந்தால், மருந்து தவறியதா, அல்லது வைரஸ் மருந்துக்குப் பழகிவிட்டதா என்று வைத்தியர் ஆராய்வார். கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. மருந்தை விடாமல் எடுக்கத் துணைநிற்பதும், அவர் பெயரை ஊரில் பேசாதிருப்பதும் எமது கடமை.