ரயில் ஓரத்துக் கற்றாழை

மும்பையின் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஊருக்குக் கிளம்பும் நேயர்களே, சென்னை ரயில் சோலாப்பூர் தாண்டியதும் சன்னல் பக்கம் ஒரு கண் வையுங்கள். சாம்பல் பூத்த பச்சையில், முனையில் முள்ளோடு விரிந்து நிற்குமே, ஆனைக்கற்றாழை! சோற்றுக் கற்றாழை வேறு, இது வேறு. மெக்சிகோவிலிருந்து வந்து இங்கே வேலியாக நின்றுவிட்ட செடி.

அங்கே இந்த இனத்துச் செடிகளிலிருந்துதான் மெஸ்கால் என்ற மதுவை வடிக்கிறார்கள். மடலையெல்லாம் வெட்டித் தள்ளினால் நடுவில் பெரிய அன்னாசிப்பழம் போல ஒரு தண்டு. குழி தோண்டி, விறகெரித்து, கல்லைப் பழுக்கக் காயவைத்து, தண்டுகளை அடுக்கி மண்ணால் மூடி, நாள்கணக்கில் வேகவிடுவார்கள். சுட்ட பனங்கிழங்கை மோந்து பார்த்தவர்களுக்கு அந்தப் புகைவாசம் புதிதல்ல.

நெக்ரோனி என்ற இத்தாலிய மதுக்கலவையில் ஜின், கசப்பான கம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றும் சம அளவு, தலா 30 மில்லி. ஜின்னுக்குப் பதில் மெஸ்கால் ஊற்றினால் கசப்போடு புகையும் சேரும். ஐஸ், ஆரஞ்சுத் தோலில் ஒரு சீவல், அவ்வளவுதான். முதல் தடவை 15 மில்லி ஜின், 15 மில்லி மெஸ்கால் போதும். இல்லாவிட்டால் புகை மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் நம் தக்காணக் கற்றாழையிலேயே மது வடித்து, 2011இல் கோவாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் டெஸ்மண்ட் நாசரேத். மெஸ்கால் என்ற பெயர் மெக்சிகோவுக்கே சொந்தம் என்பதால் சீசாவில் அப்படிப் போட முடியாது.

மும்பையில் இந்த மதுவைக் குடிக்க, 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி இன்றும் பெர்மிட் வேண்டும். வயதும் 25 ஆகியிருக்க வேண்டும்.