உங்களுக்குத் தெரியுமா? கால் கட்டைவிரல் அறுவைக்குப் பிறகு

● கால் கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அதன் அடியில் எலும்பு புடைத்துக்கொண்டு நிற்குமே, அதைச் சீவிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சீவுவது அதில் சின்ன வேலைதான். விலகிப்போன பாத எலும்பை அறுத்து, நகர்த்தி, திருகாணி போட்டு நிறுத்துவதே பெரும்பாலும் நடக்கிறது. அறுத்த எலும்பு கூட 6 முதல் 8 வாரம் ஆகும்.

● 1958இல் வெளியான ஹாங்காங் ஆய்வு ஒன்றில், காலணி போட்டு வாழ்ந்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு இந்தக் கோணல் இருந்தது. வெறுங்காலோடு வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். அதற்காகத் தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கச் சொல்லவில்லை. கொக்கிப்புழு மண்ணிலிருந்து பாதத்தோல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. விரல் விரிய இடமுள்ள காலணியே வழி.

● முதல் இரண்டு வாரம் காலுக்கு ஓய்வு. படுக்கும்போது தலையணை அடுக்கி, பாதத்தை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைக்க வேண்டும். சும்மா படுத்துக் கிடக்கவும் கூடாது. கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருந்தால் கெண்டைக்காலில் இரத்தம் உறையும் ஆபத்து குறையும்.

● நம் வீடுகளில் சிலிப்பர் வாசலோடு சரி. அறுவைக்குப் பிறகு தரும் கெட்டி அடித்தட்டுக் காலணி மட்டும் விதிவிலக்கு. மருத்துவர் கழற்றச் சொல்லும்வரை, குளியலறைக்குப் போகிற நாலு எட்டுக்கும் அது காலில் இருக்க வேண்டும். சாமி அறையா? நாற்காலி போட்டு வெளியிலிருந்தே கும்பிடலாம்.

● நடக்கும்போது பாதம் தரையை உந்தி எழ, கட்டைவிரல் ஏறத்தாழ 60 பாகை மேல்நோக்கி வளைய வேண்டும். குதிகால் தூக்கிக் குந்தும்போதும் அந்த வளைவுதான் தாங்குகிறது. லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களைக் கேளுங்கள். மரத்தில் வெட்டு சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். அடிமரத்துக்கு வந்ததும் குனிய வேண்டும், குந்த வேண்டும். எலும்பை நேராக்குவது மருத்துவர் வேலை. விரலின் வளைவை மீட்பது நம் கை வேலை: ஒரு கையால் முன்பாதத்தை அசையாமல் பிடித்து, மறுகையால் கட்டைவிரலை அடிக்கணுவில் பிடித்து மெல்ல மேலே, மெல்லக் கீழே. நுனியைப் பிடித்து மடக்கினால் வேறு மூட்டுதான் மடங்கும். பலருக்கு இரண்டாம் வாரத்துக்குப் பிறகு இது தொடங்கும். நாளைக் குறிக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர். கட்டைவிரல் மூட்டையே ஒன்றாக இணைத்துவிட்டவர்களுக்கு இந்தப் பயிற்சி கிடையாது. அந்த மூட்டு இனி வளையாது.

● எலும்பு கூடியபின் தரையில் துண்டை விரித்து விரல்களால் சுருட்டி இழுப்பதும், கோலிக்குண்டைப் பொறுக்குவதும் நல்ல பயிற்சி. பேரப்பிள்ளைகள் கூட இருந்தால் சலிப்பு தெரியாது.

● கப்சாயில் கியர் இடது காலில், பின் பிரேக் வலது காலில். ஆகவே எந்தக் காலில் அறுவை நடந்தாலும் மோட்டார் சைக்கிளுக்கு ஏறத்தாழ 6 வாரம் விடுமுறை. தோட்டத்திலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு மறுபரிசோதனைக்குப் போகிறவர்கள் வண்டிக்கு முன்பே ஆள் சொல்லி வைப்பது நல்லது.

● அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்கும் கட்டணம் 5 ரிங்கிட். தொழிலாளர் சட்டப்படி மருத்துவமனை விடுப்பு ஆண்டுக்கு 60 நாள் வரை உண்டு. 2023 ஜனவரி முதல் அது சாதாரண மருத்துவ விடுப்பிலிருந்து தனிக்கணக்கு. அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் விடுப்பு என்றால் 42 நாள். மண்டோரிடம் கெஞ்ச வேண்டியதில்லை, மருத்துவச் சான்றிதழைக் கொடுங்கள்.

● சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடம் அது மற்ற இனங்களைவிட அதிகம். அறுவைக்குத் தேதி வாங்கும் முன் இரத்தப் பரிசோதனைக்குத் தேதி வாங்குங்கள்.

● தையல் பிரித்த பிறகும் வீக்கம் 3 முதல் 6 மாதம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். மாலையில் கூடும், காலையில் வடியும். செம்பனைக் காட்டுக்குப் புது பூட்ஸ் வாங்குவதாக இருந்தால் சாயங்காலம் போய், வீங்கிய காலை வைத்தே அளவு பாருங்கள்.