சேற்றில் முன் சக்கரம் சும்மா சுற்றுகிறதா? டிஃபரன்ஷியலை வெல்டிங் வைக்காதீர்கள்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் பக்கம் சேடை ஓட்டும் நாட்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "சார், நாலு சக்கரமும் இழுக்கும்னுதான் இந்த டிராக்டரை வாங்கினேன். கழனியில இறங்கினா முன்னால ஒரு சக்கரம் சும்மா சுத்துது, இன்னொண்ணு அப்படியே நிக்குது. முன் டிஃபரன்ஷியலை வெல்டிங் வச்சுப் பூட்டிடலாமா?"

வேண்டாம். காரணத்தைப் பார்ப்போம்.

டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் சம விசையையே கொடுக்கும். ஒரு சக்கரம் களியில் பிடிப்பு இழந்தால், அதற்குத் தேவைப்படும் சொற்ப விசைதான் இறுகிய மண்ணில் நிற்கும் சக்கரத்துக்கும் போகும். பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும் என்பது உண்மை. ஆனால் வண்டி திரும்புவது முன் சக்கரங்களால். திருப்பத்தில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். நிரந்தரமாகப் பூட்டிய அச்சில் அதற்கு வழியில்லை. சேற்றில் டயர் சறுக்கிச் சமாளிக்கும். கெட்டித் தரையில் ஸ்டீயரிங் இறுகும், அச்சும் பல்சக்கரமும் முறுக்கித் தெறிக்கும்.

உங்கள் வண்டியிலேயே பின் சக்கரங்களுக்கு டிஃப் லாக் பெடல் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை, அல்லது சக்கரம் வேகமாகச் சுழலும்போது மிதித்துப் பல்லை உடைக்கிறார்கள். கிளட்ச் மிதித்து வண்டியை நிறுத்துங்கள்; பிறகு பெடலை மிதித்தபடி கிளட்சை மெதுவாக விடுங்கள். நேராக மட்டும் ஓட்டுங்கள். காலை எடுத்தும் லாக் விலகவில்லை என்றால் இரு பிரேக்கையும் மாற்றி மாற்றி லேசாகத் தட்டுங்கள்.

அடுத்து டயர். முன் டயர் தேய்ந்திருந்தால் எந்த லாக்கும் உதவாது. மாற்றும்போது கையேட்டில் உள்ள அளவையே போடுங்கள். நான்கு சக்கர இயக்கத்தில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சில சதவீதம் வேகமாக ஓடும்படிதான் கியர் அமைத்திருக்கிறார்கள். அளவு மாறினால் அந்தக் கணக்கு கெடும். தார் ரோட்டில் ஏறியதும் முன் இயக்கத்தை எடுத்துவிடுங்கள். புழுதி உழவில் முன்னால் எடைக்கட்டை மாட்டுவது நல்லது. சேடையில் அதே எடை வண்டியை அமுக்கும். அங்கே பின் சக்கரத்தில் கேஜ் வீல்தான் சரி.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி புதைந்தால், பின் சக்கரத்தில் மரக்கட்டை கட்டி முன்னோக்கி ஏற்ற மட்டும் முயலாதீர்கள். சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால், இன்ஜின் விசை வண்டியின் முன்பக்கத்தையே தூக்கிப் பின்னால் கவிழ்க்கும். குதிக்க நேரம் இருக்காது. இதில் உயிர் போயிருக்கிறது. கருவியைக் கழற்றுங்கள், சக்கரத்தின் பின்னால் மண்ணை வெட்டிவிடுங்கள், ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். வரவில்லையா? இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுங்கள். இழுக்கும் வண்டியில் சங்கிலியைக் கீழேயுள்ள டிராபாரில் கட்ட வேண்டும், டாப் லிங்க்கில் கட்டக் கூடாது. இழுக்கும்போது சங்கிலி அருகே ஆட்கள் நிற்க வேண்டாம்.