நெஞ்சொடு பேசும் மொழி

வாய் திறவாமல் ஒருவர் தமக்குள்ளே நடத்தும் பேச்சை உளவியலார் உட்பேச்சு என்பர். கடைக்குப் போகும் வழியில் வாங்க வேண்டியவற்றை நினைவுகூர்வதும், நேர்முகத் தேர்வுக்கு முன் விடைகளை ஒத்திகை பார்ப்பதும் அதன் அன்றாட வேலைகள். அதே பேச்சு, செய்த பிழையைச் சுட்டுவதோடு நில்லாமல், செய்தவரையே பிழையென்று தீர்ப்பளிக்கத் தொடங்கும்போது தன்னிழிவுப் பேச்சாகிறது. ‘இந்தக் கணக்கு தப்பிவிட்டது’ என்பது திருத்தம். ‘உனக்கு எதுவுமே உருப்படியாக வராது’ என்பது தண்டனை.

இக்குரல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு உருசிய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியின், 1934இல் வெளிவந்த ஆய்வு ஒரு விடை தருகிறது. குழந்தை முதலில் பிறரோடு பேசுகிறது, அடுத்து விளையாடும்போது தனக்குத்தானே உரக்கப் பேசிக்கொள்கிறது, பின்னர் அப்பேச்சு ஓசையிழந்து உள்ளே சென்று சிந்தனையாகிறது என்பது அவர் கண்ட வழி. அப்படியானால் உள்ளே ஒலிப்பதில் ஒரு பங்கு, முன்பு வெளியே பிறர் சொன்னதே.

மலேசியாவின் செராஸ் போன்ற ஊரில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், அலுவலகத்தில் ஆங்கிலம், அங்காடியில் கொஞ்சம் கேன்டனீஸ் என்று நான்கு மொழிகளுக்கிடையே நாளைக் கழிக்கும் தமிழரை, உட்குரல் எந்த மொழியில் ஏசுகிறது? துருக்கிய மொழியைத் தாய்மொழியாகவும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவும் கொண்டவர்களிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வு, சிறுவயதில் கேட்கும் வசைமொழிகள் தாய்மொழியில் ஒலித்தபோது, உள்ளுணர்ச்சியைக் காட்டும் தோலின் மின்மாற்றம் கூடுதலாக இருந்ததைப் பதிவு செய்தது. மேலதிகாரி ஆங்கிலத்தில் கடிந்துகொண்டதை மாலைக்குள் மறந்துவிடுபவர், ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்று என்றோ வீட்டில் கேட்டதை நாற்பது வயதிலும் சுமப்பதில் வியப்பில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்போது மலாய்மொழித் தேர்ச்சி குறைந்தவர்கள் ஓராண்டு கூடுதலாகப் பயிலும் புகுமுக வகுப்பு, மொழிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடே. ஆயினும் ‘ஓராண்டு பின்தங்கியவன்’ என்ற பெயரை அந்தப் பிள்ளையே தனக்குச் சூட்டிக்கொண்டால், வகுப்பு முடிந்த பின்னும் அப்பெயர் முடிவதில்லை.

தமிழின் மரியாதை வழக்கு இக்குரலைக் கண்டுகொள்ள ஒரு நல்ல கருவியாகிறது. முன்பின் அறியாதவரையும் ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்று பன்மையில் அழைக்கும் ஒருவர், தம்மை மட்டும் ‘உனக்கு அறிவு இருக்காடா’ என்று ஒருமையில் விளிப்பதைக் கவனித்தால், அயலாரிடம் ஒருபோதும் பேசத் துணியாத மொழியில் தம்மிடம் பேசிவருவது புலப்படும்.

அறிஞர் ஆரோன் பெக் 1960களில் அமெரிக்காவில், மனச்சோர்வுற்றோரிடம் இத்தகைய வாக்கியங்கள் அழைக்காமலே மின்னலெனத் தோன்றி மறைவதையும், அவர்கள் அவற்றைச் சோதிக்காமல் உண்மையென ஏற்பதையும் கண்டு, அவற்றுக்குத் தன்னியல்பு எண்ணங்கள் என்று பெயரிட்டார். அறிதிறன் சிகிச்சை எனப்படும் அவரது முறையின் முதற்படி எளியது: மனம் சட்டெனத் தாழும் நொடியில், உள்ளே ஓடிய வாக்கியத்தை அதே சொற்களில், வீட்டுத் தமிழிலேயே எழுதிவைத்து, அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று கேட்பது. ‘எதுவுமே வராது’ என்பதிலுள்ள ‘எதுவுமே’ காகிதத்தில் விழுந்தவுடன் வலுவிழக்கத் தொடங்கும்.

குரலை அடக்கிவிட முயல்வது பயன் தராது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளப்பட்டவர்களின் மனத்தில் அக்கரடி திரும்பத் திரும்ப வந்ததை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் காட்டினார். வெற்றுப் புகழுரையும் உதவாது. தம்மைப் பற்றித் தாழ்வாக எண்ணுவோர் தம்மைத் தாமே பாராட்டும் வாக்கியத்தைத் திரும்பச் சொன்னபோது மேலும் சோர்ந்தனர் என்பது கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோஆன் வுட்டும் பிறரும் 2009இல் கண்ட முடிவு. மனம் நம்பாத ஒன்றை நம்பு என்று வற்புறுத்தினால், அது மறுப்பதற்கே காரணம் தேடுகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியைக் காட்டுகிறது. பதற்றமான வேளையில் ‘நான்’ என்று எண்ணியவர்களைவிட, தம்மைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசியவர்கள் சற்று விலகி நின்று நிலைமையைத் தெளிவாகப் பார்த்தனர். தமிழருக்கு இது பழகிய வழி. திருக்குறளின் 125ஆம் அதிகாரத்துக்கு நெஞ்சொடு கிளத்தல் என்று பெயர். நெஞ்சைத் தனியொருவராக முன்னிறுத்தி வினவுவதும், அதனோடு பிணங்குவதும், அதைத் தேற்றுவதும் அகப்பாடல்களிலும் உண்டு. காதலின் துயருக்காக உருவான மரபாயினும், அதன் அமைப்பு இங்கே பொருந்துகிறது. ஏசுகின்ற குரலும் ‘நீ’ என்றுதான் விளிக்கிறது, ஆனால் மேலிருந்து. நெஞ்சொடு பேசுபவரோ அருகில் அமர்ந்து, தம் தங்கையோ நண்பரோ அதே பிழையைச் செய்திருந்தால் எதைச் சொல்வாரோ அதையே சொல்கிறார்.

எல்லாக் குரலும் இப்படி அடங்குவதில்லை. மலேசியாவில் 2022இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலான மாணவரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வு அறிகுறிகளைக் கண்டது. உறக்கமும் பசியும் குலைந்து, அந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அல்லது இறந்துபோவதே மேல் என்று குரல் சொல்லத் தொடங்கினால், அது மருத்துவர் கேட்க வேண்டிய குரல். செராஸ்வாசிகளுக்கு மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை அருகிலேயே உள்ளது. 1970 முதல் இயங்கும் கோலாலம்பூர் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் எந்நேரமும் தொலைபேசியில் செவிகொடுக்கின்றனர். சுகாதார அமைச்சின் உதவி எண் 15555. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டதால், அத்தகைய எண்ணத்தை வெளியே சொல்பவர் இனிச் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.